பிரிண்டர் பழுதில்லை, முகவரிதான் மாறியது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் சந்தைக்கு வரும் புதுக் கருவிகளைப் பற்றி எழுதுகிறீர்கள். வாங்கிய கருவியோடு வீட்டில் நாங்கள் படும் பாட்டுக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

நான் வீட்டிலிருந்தபடி புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறேன். திரையில் படித்தால் ஒற்றுப்பிழை கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் தாளில் அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்தி, ஸ்கேன் செய்து அனுப்புவேன். அதற்காகவே ஒரு ஆல்-இன்-ஒன் பிரிண்டர் வாங்கினேன்.

முதல் நாள் பிரிண்டரின் சின்னத் திரையில் எங்கள் வைஃபை பெயரே வரவில்லை. ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் இரண்டு பெயர்களோடு ஓடுகிறது; வீட்டில் எல்லோரும் 5-இல் இருந்தோம். வீட்டு பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே எட்டும். 2.4-இன் பெயரைக் கொடுத்ததும் இணைந்துவிட்டது. கம்ப்யூட்டரை மாற்றத் தேவையில்லை, இரண்டும் ஒரே ரவுட்டரில் இருந்தால் போதும். விருந்தினருக்கென்று தனி வைஃபை வைத்திருந்தால் பிரிண்டரை அதில் மட்டும் சேர்க்காதீர்கள். அதில் இருக்கும் கருவிகள் வீட்டுக் கம்ப்யூட்டரின் கண்ணில் படாதபடி பெரும்பாலும் தடுத்திருப்பார்கள்.

மூன்று வாரம் கழித்துத்தான் உண்மையான தொல்லை வந்தது. மறுநாள் காலைக்குள் நாற்பது பக்கம் கொடுக்க வேண்டும். கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டரில் ‘ஆஃப்லைன்’ என்று வந்துவிட்டது. பிரிண்டரிலோ வைஃபை விளக்கு நிதானமாக எரிகிறது. உதவி எண்ணில் பேசியவர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொன்னார். செய்தேன், அச்சு வந்தது. பத்தாம் நாள் மறுபடி அதே கதை, அதே பதில். வீட்டுக்கு வந்து பார்த்த பழுதுநீக்குபவர் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்.

அன்று மாலை என் கணவர் தன் போனிலிருந்து ஒரு ரசீதை அச்சுக்கு அனுப்பினார். உடனே வந்தது! கம்ப்யூட்டர் அப்போதும் ஆஃப்லைன் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. போர்டு போன பிரிண்டர் எப்படி அச்சடிக்கும்?

பிரிண்டரின் மெனுவில் நெட்வொர்க் விவரப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. அதை அச்செடுத்தேன். பிரிண்டரின் ஐபி முகவரி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அதற்குள்ள எண், 192.168.1.14 என்றிருந்தது. கம்ப்யூட்டரில் அந்தப் பிரிண்டருக்கான போர்ட்டை, அதாவது அச்சை எங்கே அனுப்புவது என்று குறித்திருக்கும் அமைப்பைத் திறந்தால் 192.168.1.9. பிழை பிடிப்பதே என் தொழில். அந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது.

ரவுட்டர் தன்னிடம் வரும் கருவிகளுக்கு முகவரியைச் சொந்தமாகத் தருவதில்லை, குறித்த காலத்துக்குக் கடனாகத்தான் தருகிறது. ரவுட்டர் அணைந்து எழுந்தால் அது மாறிப்போகலாம். போன் ஒவ்வொரு முறையும் ‘பிரிண்டர் யார் இருக்கிறீர்கள்?’ என்று நெட்வொர்க்கில் புதிதாகக் கேட்கிறது. என் கம்ப்யூட்டர் பழைய முகவரியிலேயே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. மறுபடி இன்ஸ்டால் செய்தால் புது முகவரி பதிவாகிறது, அதனால் சரியானது போலத் தெரிகிறது. காரணம் அப்படியே கிடக்கிறது.

தீர்வுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் அமைப்புப் பக்கத்துக்கான முகவரி இருக்கும். உள்ளே ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற இடத்தில் பிரிண்டரின் மாறாத அடையாளமான 12 எழுத்து மேக் எண்ணைக் கொடுத்து, இந்த முகவரி இதற்கு மட்டும் என்று ஒதுக்கினேன். மேக் எண்ணும் அந்த விவரப் பக்கத்திலேயே இருக்கிறது. பிறகு கம்ப்யூட்டரில் போர்ட்டைத் திருத்தினேன். ஸ்கேன் மென்பொருளிலும் பழைய முகவரிதான் இருந்தது, அதையும் மாற்றினேன். பிரிண்டரிலேயே ஒரு முகவரியை அடித்துவைக்கும் வழியும் உண்டு. ஆனால் அதே எண்ணை ரவுட்டர் வேறொரு கருவிக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் மோதும், அதனால் ரவுட்டரில் ஒதுக்குவதே நல்லது. அதன்பின் எத்தனையோ முறை கரண்ட் போய் வந்துவிட்டது. பிரிண்டர் ஒருநாளும் காணாமல் போகவில்லை.

பிரிண்டரோடு வரும் கையேடு, இணைந்துவிட்டது என்ற படத்தோடு முடிந்துவிடுகிறது. அதில் இந்த ஒதுக்கீட்டைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் சேர்க்கும்படி தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உதவி எண்ணில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் நீக்கச் சொல்வதற்கு முன்னால், “போனிலிருந்து அச்சு வருகிறதா?” என்று ஒரு கேள்வி கேட்கட்டும். நல்ல பிரிண்டரைப் பழுது என்று நம்பி மூலையில் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். ரவுட்டரில் முகவரி ஒதுக்கும் முறையைத் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒருமுறை வெளியிடுங்கள். அந்த இரண்டு பேருக்கும் வெட்டிக் கொடுக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து மெய்ப்புத் திருத்தும் ஒரு வாசகி