ரயில் இருந்தது, அரிசி வரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான வியட்நாம் பயணக் கட்டுரையில் ஒரு வரி: ‘பிரெஞ்சுக்காரர்கள் ரயிலும் ரொட்டியும் காபியும் கொடுத்துவிட்டுக் கௌரவமாக வெளியேறினார்கள், அமெரிக்கர்கள் வந்த பிறகுதான் வியட்நாமின் துயரம் தொடங்கியது.’ எழுதியவர் சுற்றுலா போய் வந்தவர், கண்ணில் பட்டதை எழுதியிருக்கிறார். அவர் மேல் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. நீங்கள் வரலாறு படித்தவர். உங்கள் கையைத் தாண்டி இந்த வரி எப்படி அச்சுக்குப் போனது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

என் அம்மாவைப் பெற்ற ஆயா வியட்நாமியர். தாய் பின் மாகாணத்தில் பிறந்தவர். சிவப்பாறு கடலில் சேர்கிற இடத்தில், நெல்லைத் தவிர வேறு பேச்சே இல்லாத ஊர் அது. 1945-ன் தொடக்கத்தில் அங்கேதான் ஜனங்கள் தவிட்டையும் வாழைக்கிழங்கையும் தின்று, பிறகு அதுவும் கிடைக்காமல் செத்தார்கள். ஆயாவின் தம்பியும் தங்கையும் அதில் போனார்கள். காலையில் மாட்டுவண்டி வந்து தெருவில் கிடந்த பிணங்களை அள்ளிக்கொண்டு போகும் என்று அவர் சொன்னதை நான் சிறுமியாகக் கேட்டிருக்கிறேன். செத்தவர்கள் 4 லட்சம் என்பவர்களும் உண்டு, 20 லட்சம் என்பவர்களும் உண்டு. 1945 செப்டம்பர் 2-ம் தேதி ஹனோயின் பா தின் சதுக்கத்தில் ஹோ சி மின் படித்த விடுதலைப் பிரகடனம் 20 லட்சத்துக்கு மேல் என்கிறது.

புயலும் வெள்ளமும் வந்தது உண்மைதான். ஆனால் அடிமாட்டு விலைக்கு விவசாயியிடமிருந்து நெல்லைக் கட்டாயமாக வாங்கியது யார்? அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த கடற்படைத் தளபதி தெக்கூவின் பிரெஞ்சு நிர்வாகம். 1945 மார்ச் 9-ல் ஜப்பான் ஆட்சியைப் பிடிக்கும் வரை நாட்டில் ஜப்பான் படை இருந்தது, ஆபீசில் பிரெஞ்சுக்காரர்தான் உட்கார்ந்திருந்தார். ஜப்பானுக்காக நெல் வயலில் சணல் போடச் சொன்னார்கள். தெற்கே மீகோங் ஆற்றுப் பக்கத்தில் அரிசி மிஞ்சிக் கிடந்தது. நிலக்கரி கிடைக்காததால் சைகோனில் மின்சாரம் எடுக்க அரிசியையும் சோளத்தையும் எரித்தார்கள். அமெரிக்க விமானங்கள் தண்டவாளத்தையும் கப்பல்களையும் உடைத்துப் போட்டன. மிஞ்சிய வண்டிகள் படைகளின் வேலைக்குத்தான் ஓடின. ஹனோயையும் சைகோனையும் இணைத்து 1936-ல் முடித்த ரயில்பாதை இதுதான் ஐயா, உங்கள் கட்டுரையாளர் கொடை என்று பாராட்டுவது. பாதை போட்டு ஒன்பது வருடத்தில் ஒரு முனையில் அரிசி எரிந்தது, மறுமுனையில் என் ஆயாவின் தங்கை பட்டினியால் செத்தாள்.

அந்த ரயிலை எந்தக் காசில் கட்டினார்கள்? 1897-லிருந்து 1902 வரை கவர்னர் ஜெனரலாக இருந்த போல் துமேர் அதற்காக 20 கோடி பிராங்க் கடன் வாங்கினார். அந்தக் கடனை அடைத்தது இந்தோசீனாவின், அதாவது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த வியட்நாம், லாவோஸ், கம்போடியாவின், பொது பட்ஜெட். அந்த பட்ஜெட்டுக்கு முக்கிய வருமானம் உப்பு, சாராயம், அபின் மூன்றின் அரசு ஏகபோகத்திலிருந்து வந்தது. உப்பைக் காய்ச்சுகிறவன் அரசாங்கத்துக்கே விற்க வேண்டும், பிறகு கூடுதல் விலை கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். சாமிக்குப் படைக்க வீட்டில் அரிசிச் சாராயம் காய்ச்சினால் சோதனை போட்டு அபராதம், சிறை. கிராமத்துக்கு இத்தனை சாராயம் வாங்கியே ஆக வேண்டும் என்று அளவு வைத்த காலமும் உண்டு. அபினை சைகோனில் அரசே ஆலை வைத்துக் காய்ச்சி விற்றது. குடித்தவனும் கூலிக்காரனும் கொடுத்த காசில் போட்ட தண்டவாளத்தைப் பிரான்ஸ் கொடுத்ததாக எழுதலாமா?

கட்டுரையோடு போட்ட படத்துக்கும் வருகிறேன். கோன் தாவோ தீவுச் சிறையின் படத்துக்குக் கீழே ‘அமெரிக்கர்கள் கட்டிய புலிக்கூண்டுகள்’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்தத் தீவில் சிறையைத் தொடங்கியது பிரெஞ்சுக்காரர்கள், 1862-ல். புலிக்கூண்டுகள் என்கிற, மேலே கம்பி போட்ட குறுகலான கைதி அறைகளை 1940-ல் கட்டியதும் அவர்களே. பின்னால் தெற்கு வியட்நாமின் சைகோன் அரசு அமெரிக்கத் துணையோடு அதே கூண்டுகளில் ஆட்களை அடைத்தது, 1970-ல் அது உலகத்துக்குத் தெரிந்தது. பின்னாளில் பிரதமரான ஃபாம் வான் தோங்கும், ஹோ சி மின்னுக்குப் பிறகு ஜனாதிபதியான தோன் துக் தாங்கும் பிரெஞ்சுக் காலத்திலேயே அந்தத் தீவில் கிடந்தவர்கள். தோன் துக் தாங் பதினைந்து வருடம். இதைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

கௌரவமாக வெளியேறினார்களாம். 1946 நவம்பரில் ஹாய்ஃபோங் நகரத்தின் மேல் போர்க்கப்பலிலிருந்து குண்டு போட்டார்கள். எட்டு வருடம் சண்டை. 1954 மே 7-ல் தியன் பியன் பூவில் தோற்று, ஆயிரக்கணக்கில் சிறைப்பட்ட பிறகுதான் கிளம்பினார்கள். என் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்த புதுச்சேரி சொல்தா. அந்தச் சண்டையைப் பற்றி அவர் வீட்டில் வாயைத் திறந்ததே இல்லை. பென்ஷன் வாங்கினார், பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14 அன்று மெடல் குத்திக்கொண்டு போனார், அவ்வளவுதான். அந்தப் போரின் கடைசி வருடங்களில் செலவில் பெரும்பங்கைக் கொடுத்தது அமெரிக்கா. அப்படியிருக்க, அமெரிக்கர்கள் ஏதோ 1965 மார்ச்சில் தா நாங் கடற்கரையில் திடீரென்று முளைத்தது போல எழுதுவது எப்படிச் சரியாகும்?

அமெரிக்கப் படை கிராமத்து ஜனங்களைக் கொன்ற மி லாய் பற்றி, வயலிலும் காட்டிலும் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற நச்சு மருந்து பற்றி, இன்றும் குவாங் திரி மாகாணத்தில் வெடிக்காமல் கிடக்கிற குண்டுகள் பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் சரி. சைகோன் வீழ்ந்து 50 ஆண்டு ஆனதற்கு 2025 ஏப்ரலில் நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களை வரிவிடாமல் படித்தேன். அதிலும் 1954-க்கு முந்திய கதைக்கு ஒரு பத்தி கிடையாது. அப்போதே உங்களுக்குக் கடிதம் போட்டேன். கடைசி இரண்டு வரியை மட்டும், ‘சிறப்புப் பக்கங்கள் அருமை’ என்பதை மட்டும், வெளியிட்டீர்கள்.

சைகோன் மாரியம்மன் கோயிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, ‘தமிழன் கால் பதித்த மண்’ என்று பெருமைப்பட்டிருக்கிறது கட்டுரை. கோயில் அழகானது, இன்றும் வியட்நாமியர்கள் போய்க் கும்பிடுகிறார்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் என்ன வேலைக்காகக் கால் பதித்தோம் என்பதையும் எழுத வேண்டாமா? புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் போனவர்கள் பிரெஞ்சு அரசுக்காக வரி வசூலித்தார்கள், போலீசிலும் சுங்கத்திலும் இருந்தார்கள். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள், கடன்பட்டவர்களின் நெல் வயல் கைமாறியது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் ஜெனரல் கிரேசி 20-வது இந்திய டிவிஷனோடு சைகோனில் இறங்கி, பிரெஞ்சுக்காரர் கையில் மறுபடி துப்பாக்கியைக் கொடுத்தபோது, வியட்நாமியரைச் சுட்டவர்களில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. நேரு அதை அப்போதே கண்டித்தார். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் என் ஆயாவைப் போலப் பல வியட்நாமியப் பெண்கள் சொல்தாக்களின் மனைவியாக வந்து, இந்த ஊர் மண்ணிலேயே அடங்கினார்கள். பள்ளியில் என்னைச் ‘சீனாக்காரி பேத்தி’ என்று கூப்பிட்டார்கள். ஆசிரியையும் சேர்ந்து சிரித்தார். வெள்ளை நகரத்து மஞ்சள் சுவர்களைப் பற்றி எத்தனை சுற்றுலாக் கட்டுரை போட்டிருக்கிறீர்கள்! அவற்றில் இந்தப் பெண்கள் வந்தால், சாயாஜோ என்கிற வியட்நாமியப் பலகாரம் சுட்டுத் தருகிற பாட்டியாக மட்டும் வருகிறார்கள். அவர்கள் எந்தப் பஞ்சத்தைத் தாண்டி வந்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. இப்போது கேட்கவும் அநேகமாக ஆள் இல்லை.

நான் கேட்பது இரண்டே விஷயம். அடுத்த இதழில் 1945 பஞ்சத்தைப் பற்றி ஒரு பத்தியாவது போட்டு, அந்த வரி தவறு என்று சொல்லுங்கள். அப்புறம், கோன் தாவோ படத்தின் கீழே இருப்பதை இணையப் பதிப்பில் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். இந்த முறை கடிதத்தைச் சுருக்குவதானால், தாய் பின் பற்றிய பத்தியை மட்டும் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி