நிற்கிற காரும் வரப்போகிற காரும்

கல்லடி, மட்டக்களப்பு
ஓகஸ்ட் 2025

அன்பு மகள்,

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய், "அப்பா, யப்பானில இருந்து ஓர்டர் பண்ணுவமா, இல்லாட்டி அங்க கார் சேலில நிக்கிறதில ஒண்டை எடுப்பமா?" என்று. நான் "பார்ப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ கேட்கிற வேகத்துக்கு எனக்குப் பதில் வராது. இடையில் அம்மா வேறு போனைப் பறித்துக்கொண்டு பேத்தியின் பல் விழுந்த கதையைத் தொடங்கிவிடுவாள். அதனால்தான் கடதாசியில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பொடியன் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் போடுவான். எழுத்து விளங்காத இடத்தைப் பெரிதாக்கிப் பார்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். நிற்கிறதை எடுப்போம். ஏன் என்று சொல்லத்தான் இந்த மூன்று பக்கமும்.

நீ ஓர்டர் பண்ணச் சொல்வதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. டொரொண்டோவில் நீங்கள் அப்படித்தானே வாங்கினீர்கள்? ஏழு மாதம் காத்திருந்தாலும் கேட்ட நிறம், கேட்ட சீற், எழுதின விலை. அங்கே கொம்பனிக்காரன் தொழிற்சாலையில் செய்து அனுப்புகிறான். இங்கே நம்மைப் போல ஆட்களுக்கு ஓர்டர் என்றால் அது வேறு சங்கதி. இறக்குமதி செய்கிறவரிடம் முற்பணம் கட்டுகிறோம். அவர் யப்பானில் நடக்கிற ஏலத்தில் நமக்காகக் கேட்கிறார். ஒரு கார் திரையில் வந்து விலை ஏறி விழுகிற நேரம் நான் ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட இல்லையாம். விழுந்த பிறகு வங்கியில் எல்.சி. என்கிற பண உத்தரவாதக் கடிதம் திறக்க வேண்டும், சோதனைச் சான்றிதழ் எடுக்க வேண்டும், கப்பலில் ஏற்ற வேண்டும், அம்பாந்தோட்டையில் இறக்க வேண்டும், சுங்கத்தில் வரி கட்டி வெளியே எடுக்க வேண்டும். மூன்று மாதம் என்கிறார்கள்.

அந்த மூன்று மாதத்தில் யென் ஏறலாம், டொலர் ஏறலாம், ஓர் இரவில் வரியைக் கூட்டி அரசாங்க வர்த்தமானி வரலாம். வரியைக் கணக்குப் பார்ப்பது நாம் முற்பணம் கட்டிய நாளை வைத்து அல்ல, கார் சுங்கத்துக்கு வந்த நாளை வைத்து. சுங்கத் தீர்வை, எஞ்சின் அளவுக்கு ஏற்ற உற்பத்தி வரி, எல்லாவற்றுக்கும் மேலே 18 வீத வற் வரி. கீழே ஒன்று அசைந்தால் மேலே உள்ளது எல்லாம் அசையும். கொழும்பில் இருந்து ஒருவர் அனுப்பிய ஒப்பந்தத்தை இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது: வரியோ நாணய மாற்று வீதமோ மாறினால் வித்தியாசத்தை வாங்குகிறவர் கட்ட வேண்டுமாம். அப்படியென்றால் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிற 68 இலட்சம் விலை இல்லை, அவருடைய நல்லெண்ணம்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒரு கதை இருக்கிறது மகள். அம்மாவுக்குத் தெரியும்.

2020 ஜனவரியில் நான் ஒரு கார் ஓர்டர் பண்ணினேன். பஸ் டிப்போவில் இருந்து இளைப்பாறி வந்த காசில் ஐந்து இலட்சம் முற்பணம். நீ அடுத்த வருஷம் பிள்ளையோடு வரும்போது கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நானே வந்து ஏற்றிக்கொண்டு வரவேண்டும் என்று ஓர் ஆசை. மார்ச்சில் கொரோனா வந்தது, வாகன இறக்குமதியையும் நிறுத்தினார்கள். நம்முடைய கார் ஏலத்தில்கூட விழவில்லை. ஆள் கள்ளன் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். "ஐயா, திறந்த உடனே செய்து தருவன்" என்றார். நானும் இரண்டு மாதம், ஆறு மாதம் என்று இருந்தேன். திறந்தது எப்போது? 2025 பெப்ரவரி 1. ஐந்து வருஷம்!

அதுவரை நான் காத்திருக்கவில்லை, காசைத் திருப்பிக் கேட்டேன். முதலில் இரண்டு இலட்சம் வந்தது, பிறகு ஒன்றரை. கடைசி ஒன்றரை இலட்சம் கைக்கு வந்தபோது 2022 ஆனி மாதம். நான் கொடுத்தபோது டொலர் 180 சொச்சம், வந்தபோது 360. நோட்டை எண்ணினால் கணக்குச் சரி. அதைக் கொண்டு கடைக்குப் போனால்தான் பாதி எங்கே போனது என்று தெரிந்தது. கார் வாங்கக் காணாது என்று கூரை ஓடுகளை மாற்றினேன். போன முறை நீ வந்து முற்றத்தில் நின்று "கூரை வடிவா இருக்கு அப்பா" என்றாயே, அது நான் வாங்காத கார்தான்.

அதனால் எனக்குப் பயம் என்று நினைப்பாய். பயமும் இருக்கிறது. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை.

காரை எனக்குத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏன் என்று உனக்கே தெரியும், கருவாட்டு வேனை மறந்திருக்க மாட்டாய். 2005இல் நான் வாங்கிய வெள்ளை டொல்பின் வேன். உனக்கு அப்போது பதினொரு வயது, அந்தப் பெயரை வைத்ததும் நீதான். சுனாமி வந்து பத்து மாதம் இருக்கும். வேறு ஊரில், புதுப் பெயின்ற் அடித்து, கண்ணாடி மாதிரி நின்றது. முப்பது வருஷம் லேலண்ட் பஸ் எஞ்சினுக்குள் தலையை விட்டவன் நான், போனட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு "நல்ல எஞ்சின்" என்று காசைக் கொடுத்தேன். எஞ்சினைக் கேட்டேன், தரையைக் கேட்கவில்லை. முதல் மாரி மழைக்கு உள்ளே ஈரம் பட்டதும் நாற்றம் கிளம்பியது. கம்பளத்தைக் கிழித்துப் பார்த்தால் அடியில் கடல் மணல், உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாக. சீற் ஆணியில் ஸ்பனரை வைத்தேன், ஆணித் தலை பிஸ்கட் மாதிரி உடைந்து கையோடு வந்தது. வித்தவருக்கும் தெரிந்துதான் இருக்கும். ஆனால் பார்க்காதது என் குற்றம்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை கல்முனைக்குப் பஸ் ஏறினேன். கச்சான் காற்று காலையிலேயே தொடங்கிவிட்டது, களுவாஞ்சிகுடி வரும் முன்பே தொண்டை காய்ந்துவிட்டது. அங்கே கார் சேலில் இரண்டு சுசுகி வேகன் ஆர் கார் நின்றன. ஏன் வேகன் ஆர் என்றால், 660 சி.சி. எஞ்சின், அதனால் வரி குறைவு. அகலம் ஒன்றரை மீற்றருக்கும் குறைவு, நம் ஒழுங்கைக்குள் மதிலில் உரசாமல் வரும். சீற் உயரம், அம்மா முழங்காலை மடித்துக் குனிந்து ஏறத் தேவையில்லை. இங்கே எந்தக் கராஜில் விட்டாலும் பொடியன்களுக்கு அதன் வேலை தெரியும். நீ சொன்ன பெரிய ஜீப்பை மறந்துவிடு. அதை நிறுத்த எனக்கு மாமரத்தைத் தறிக்க வேண்டி வரும்.

முதல் கார் எனக்குப் பிடிக்கவில்லை. முன் வலது கதவின் நிறம் வெயிலில் ஒரு நூல் மாறித் தெரிந்தது. யப்பான் ஏலத்தில் காரின் நிலையை எழுதித் தருகிற ஏலச் சீட்டைக் கேட்டேன், "கொழும்பில இருக்கு" என்றார்கள். கொழும்பிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது நீலம். 2024இல் செய்தது, ஓடியது 6,000 கிலோமீற்றருக்குள். கொண்டுபோன பழைய சாரத்தை நிலத்தில் விரித்து, டோர்ச்சோடு அடியில் படுத்தேன். கார் சேல் தம்பி "ஐயா, ஜக் போட்டுத் தூக்கவா?" என்று ஓடி வந்தார். வேண்டாம் என்றேன். சைலன்சர் இணைப்பில் மட்டும் மெல்லிய துரு, அது எதற்கும் வரும். மூட்டுகளில் பழைய கிறீஸ், அடியில் புதுக் கறுப்புப் பூச்சு எதுவும் இல்லை. துருவை மறைக்கப் புதுப் பூச்சு அடித்திருந்தால் எழும்பி நடந்திருப்பேன். பிறகு டயர். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு கிழமை, மற்ற இரண்டு வருஷம். நான்கு டயரிலும் 1824, 2024ஆம் வருஷத்தின் 18ஆம் கிழமை. காரின் வயதும் டயரின் வயதும் ஒத்துப் போகிறது என்றால் மீற்றரில் உள்ளதையும் ஓரளவு நம்பலாம். கண்ணாடிகள் நான்கும் ஒரே கொம்பனி முத்திரை. கம்பளத்தின் விளிம்பை உயர்த்தி மூக்கை வைத்தேன். தம்பி சிரித்தார். சிரிக்கட்டும், அவருக்குக் கருவாட்டு வேனைத் தெரியாது.

ஏலச் சீட்டும் கையில் தந்தார். தரம் 4.5, அது நல்ல தரம். கார்ப் படத்தில் இரண்டு இடத்தில் ஏ1 என்று இருக்கிறது, சின்னக் கீறல். பின் பம்பரில் தேடிப் பார்த்தேன், சீட்டில் சொன்ன இடத்திலேயே கீறல் இருந்தது. எனக்கு அதுதான் சந்தோஷம். கீறல் இல்லாத காரைவிட, சொன்ன இடத்தில் கீறல் உள்ள கார் நல்லது.

விலை 72 இலட்சம் கேட்கிறார்கள். ஓர்டரைவிட நான்கு இலட்சம் கூட, அது உன் காசு, எனக்கும் நெஞ்சில் குத்துகிறது. ஆனால் இந்தக் காருக்கு வரி கட்டியாகிவிட்டது. இனி எந்த வர்த்தமானி வந்தாலும் இதன் விலை கூடாது. அப்புறம் இன்னொரு பிடியும் இருக்கிறது. இறக்குமதி செய்த வாகனத்தை 90 நாளைக்குள் பதிவு செய்யாவிட்டால் மாதத்துக்கு 3 வீதம் தண்டம் என்று இந்த வருஷச் சட்டம். சுங்கக் கடதாசியில் திகதியைப் பார்த்தேன், எழுபது நாள் தாண்டிவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பிளேன்ரீ குடித்துக்கொண்டு திகதியை மட்டும் இன்னொரு தரம் சத்தமாக வாசித்தேன். 70க்கு இறங்கி வந்தார்கள். இன்னும் ஐம்பதினாயிரம் குறையும் என்று நினைக்கிறேன், அதிகம் இழுக்க மாட்டேன்.

நான் முப்பத்தைந்து வயது ஆளாக இருந்து, அவசரம் ஒன்றும் இல்லாமல், வித்தியாசக் காசையும் தனியாக ஒதுக்கி வைத்திருந்தால் ஓர்டர்தான் பண்ணியிருப்பேன். கிடைத்தால் அது மலிவு, நாமே சீட்டைப் பார்த்துத் தெரியலாம். ஆனால் இப்போது ஓர்டர் பண்ணினால் வந்து சேர கார்த்திகை ஆகும். கார்த்திகை என்றால் இங்கே வெள்ளம். அம்மாவுக்குக் கிளினிக் மாதத்தில் இரண்டு தரம். ஓட்டோவில் ஏறும்போது கம்பியைப் பிடித்து அவள் தொங்குகிற தொங்கலை நீ பார்க்கவில்லை. பார்த்தால் நிறம் கேட்க மாட்டாய்.

நிறம் பற்றி அம்மாவிடமும் கேட்டேன். நீ கேட்ட முத்து வெள்ளை கிடைக்காது, நீலம்தான் என்றேன். "நாற்பது வருஷம் சிவப்பு பஸ்ஸோட வாழ்ந்தாச்சு, சிவப்பு இல்லாட்டிச் சரி" என்றாள்.

வியாழக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டேன். ஒன்றையும் பிடிக்காமல் ஏறி இருந்தாள். நான் சாவியைப் போட்டதும் உள்ளே இருந்து ஒரு பெண் குரல் யப்பானிய மொழியில் ஏதோ சொன்னது. அங்கே நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கு ஒரு அட்டை போடுவார்களாம், அது போடவில்லை என்று சொல்கிறதாம். அம்மா "ஓம் பிள்ளை" என்று பதில் சொன்னாள். தம்பி கழற்றித் தருகிறேன் என்றார், அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். றேடியோவுக்கு மட்டும் ஒரு சின்னப் பெட்டி போட வேண்டும். யப்பான் எஃப்.எம். 76இல் தொடங்கி 95இல் முடிகிறது, நம் நிலையங்கள் 108 வரைக்கும் இருக்கின்றன. அது அவர்கள் செலவு என்று எழுதுவித்துவிட்டேன்.

நீ செய்ய வேண்டியது இரண்டு. இதோடு ஏலச் சீட்டின் படமும் வரும், சேசிஸ் இலக்கம் மேலே இருக்கிறது. இணையத்தில் காசு கட்டி மூலச் சீட்டைப் பார்க்கலாமாம், மருமகனிடம் சொல்லி ஒத்துப் பார். மீற்றர் கணக்கும் தரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் வேண்டாம். நான் ஐம்பதினாயிரம் கொடுத்து, ஒத்துவராவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்து எடுத்திருக்கிறேன். சரியாக இருந்தால் மிச்சக் காசை அம்மாவின் கணக்குக்குப் போடு, பதிவும் அவள் பெயரில்தான். அடுத்த புதன்வரை வைத்திருப்பார்கள். எடுத்தால் நேரே மாமாங்கப் பிள்ளையாரடிக்கு, பிறகுதான் வீடு.

அம்மா கேட்கச் சொன்னாள்: பேத்தியின் பல்லைக் கூரையில் எறிந்தீர்களா, இல்லையா? அங்கே கூரை சரிவு என்றால் கீழே விழுந்துவிடுமாம், எடுத்து வைத்திரு. வரும்போது கொண்டு வந்தால் இங்கே ஓட்டில் எறியலாம்.

அன்புடன்,
அப்பா