மருந்தடிக்க வரும் ஆளை நிறுத்து, மகேஸ்

கும்பகோணம்,
புரட்டாசி கடைசி வாரம்

அன்புள்ள மகேஸ்,

உன் கடிதம் நேற்று வந்தது. அத்தானுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

கௌசி தீபாவளி கழிந்து பிரசவத்துக்கு வருகிறாள் என்று படித்துத் துள்ளிக் குதித்தேன். அடுத்த வரியிலேயே வயிற்றைக் கலக்கிவிட்டாய். அவள் வருவதற்கு முந்தின நாள் கரையான், எலி இரண்டுக்கும் சேர்த்து மருந்தடிக்க ஆள் சொல்லியிருக்கிறாயாம். மற்றவர்கள் கேட்டதில் பாதிதான் கேட்டானாம். ஏண்டீ, கால் கிலோ கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, கடைக்காரரை அழவிட்டுத்தானே வாங்குவாய்? வீட்டுக்குள் விஷத்தோடு வருகிறவனிடம் விலையை மட்டுமா கேட்டாய்? போனில் சொன்னால் பாதியில் அத்தானிடம் கொடுத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

எலிக்கு என்ன வைக்கப்போகிறான் என்று முதலில் கேள். மாத்திரை என்றால் வாசலோடு அனுப்பிவிடு. நெல் குடோனில் மூட்டையைத் தார்ப்பாய் போட்டு மூடி உள்ளே வைப்பார்களே, அந்த அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்கிற விஷவாயு கிளம்பும். ஐப்பசியில் மாயவரத்தில் ஈரத்துக்கா பஞ்சம்? அந்த வாயுவுக்கு முறிவு மருந்தே கிடையாது. 2024 நவம்பரில் சென்னைப் பக்கம் குன்றத்தூரில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? எலி மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். இரண்டு சின்னக் குழந்தைகள் போய்விட்டன, மகேஸ். அங்கே மருந்து வைத்ததும் கம்பெனி ஆட்கள்தான். கௌசிக்கு நீ அந்த ஏசி அறையைத்தானே ஒழித்துக் கொடுப்பாய்? நினைத்து நினைத்து ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை எனக்கு.

பிள்ளை பிறந்து தவழ்ந்து முடிக்கிறவரை உன் வீட்டில் எலிக்கு விஷமே வேண்டாம். கொல்லைச் சாக்கடைக் குழாய்க்குக் கம்பி வலை அடி. பின்கட்டுக் கதவின் அடி இடுக்குக்குத் தகரம் வை. கட்டைவிரல் நுழைகிற சந்து போதும், எலி வந்துவிடும். மிச்சத்தைப் பொறியும் கருவாடும் பார்த்துக்கொள்ளும். தொழில் தெரிந்தவர் வந்தால் மருந்தை எடுப்பதற்கு முன்னால் இந்தச் சந்துகளைத்தான் தேடுவார்.

கரையான் கதை வேறு. எங்கள் கூடத்து நிலையைச் சும்மா விரலால் அழுத்தினேன், பெயிண்ட் அப்பளமாக நொறுங்கி விரல் உள்ளே போய்விட்டது. மாமனார் காலத்துத் தேக்கு! முதலில் வந்தவன் நிலையின் மேல் எதையோ பீய்ச்சிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போனான். என்ன மருந்து என்று கேட்டதற்கு, ‘பவர்ஃபுல் மருந்தும்மா’ என்பதுதான் பதில். லேபிள் இல்லாத வெள்ளை கேன். கொஞ்ச நாளில் பூஜை அறைச் சுவரில் கரையான் கட்டிய மண்கோடு ஏறிவிட்டது. புற்று மண்ணுக்குள் இருக்கிறது, மரத்தில் இருப்பது தீனி தேடி வந்த கூட்டம் மட்டும்தான். மேலே அடித்து என்ன பிரயோஜனம்?

அடுத்து வந்தவர் விலையே பேசவில்லை. டார்ச் அடித்துப் பரண், குளியலறைச் சுவர், அலமாரி முதுகு எல்லாம் பார்த்தார். கட்டையால் தட்டி, பொத்தென்று சத்தம் வந்த இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டார். கொல்லைக் கிணறு எவ்வளவு தூரம், அதைக் குடிக்கிறீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நம் ஊரில் நாலு அடி தோண்டினால் தண்ணீர். உங்களுக்கோ பக்கத்திலேயே குளம். கரையானுக்கு ஊற்றும் மருந்துகளில் பல மீனுக்கு எமன்.

சுவரும் தரையும் சேருகிற ஓரத்தில் ஓர் அடிக்கு ஒரு துளை போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை கரைசல் இறக்கினார். கரையான் தடுப்புக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 6313, அதன் மூன்றாம் பகுதியில் சொல்லியிருக்கிற முறை அது. கட்டி முடித்த வீட்டுக்கென்றே எழுதியது. இமிடாகுளோபிரிட் என்கிற கரையான் மருந்து டப்பாவின் சீலை எங்கள் எதிரிலேயே உடைத்தார். லேபிளில் சாய்சதுரம் இருக்கும், அதன் கீழ்ப்பாதி நிறத்தைப் பார். சிவப்புதான் கொடிய விஷம், பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று குறைந்துகொண்டே போகும். சிவப்புச் சிமெண்டுத் தரையைக் கெடுத்துவிடுவாரோ என்று நின்றேன். காவி கலந்து அடைத்துவிட்டார், இப்போது தேடினால்தான் தெரியும்.

உன் ஆளிடம் வேளாண்துறை லைசென்ஸ் இருக்கிறதா? 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி வீட்டுக்கு மருந்தடிக்கிறவர்களுக்கும் அது வேண்டும். நகலைக் கையில் வாங்கிப் பார். எந்த மருந்து, எந்தெந்த அறை, திரும்ப வந்தால் எத்தனை வருஷத்துக்குச் சும்மா செய்து தருவான், எல்லாம் எழுத்தில் வேண்டும். ‘நான் இருக்கேம்மா’ என்பது கேரண்டி ஆகாது.

ஈசல் பறந்தது என்று எழுதியிருந்தாயே, விளக்குக்கு வெளியிலிருந்து வந்ததா, சுவர் விரிசலிலிருந்தே கிளம்பியதா? வெளியிலிருந்து என்றால் பயமில்லை. சுவரிலிருந்து என்றால் புற்று வீட்டுக்கடியிலேயே இருக்கலாம். அப்படியானால் இந்த வாரமே செய்து, ஜன்னலெல்லாம் திறந்துபோடு. இப்போது முடியாவிட்டால் விட்டுவிடு. வயிற்றுப்பிள்ளைக்காரி அந்த வாடையில் வந்து படுக்கக் கூடாது. நிலை போனால் தச்சர் இருக்கிறார்.

அட்வான்ஸ் கொடுத்திருந்தால் போகட்டும். எங்களுக்குச் செய்தவர் மாயவரத்துக்கும் வருவாராம், போன் பண்ணு, நம்பர் தருகிறேன். நான் சொன்னேன் என்று விட்டுவிடாமல் அவரிடமும் இதையெல்லாம் கேள். ஐப்பசி கடைசி நாள் கடைமுக முழுக்குக்கு முந்தின நாளே வந்துவிடுவேன். கௌசிக்கு நார்த்தங்காய் ஊறிக்கொண்டிருக்கிறது, பெரிய ஜாடியாக ஒன்று கழுவிக் காயவை.

அன்புடன்,
ஜெயா