1989 ஆகஸ்ட் 1 தேதியிட்ட உங்கள் கடிதத்துக்கு

எஃப்.பி.ஐ. தலைமையகத்தாருக்கு,

வணக்கம். அன்று உங்கள் உதவி இயக்குநர் மில்ட் ஆலெரிச், பிரையாரிட்டி ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். என்.டபிள்யூ.ஏ. என்ற கறுப்பின இளைஞர் குழுவின் ராப் பாட்டு ஒன்று போலீஸ் மீது வன்முறையைத் தூண்டுகிறது, மரியாதையைக் கெடுக்கிறது என்று புகார். பாட்டின் பெயரை அவர் எழுதவில்லை. நானும் எழுதப்போவதில்லை, தலைப்பிலேயே கெட்ட வார்த்தை. 1988இல் பணியின்போது 78 காவலர்கள் கொல்லப்பட்டதையும் அவர் குறிப்பிட்டிருந்தார். அது சின்ன துக்கமில்லை.

ஆனால் தேதியைக் கொஞ்சம் பாருங்கள். அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 1988 ஆகஸ்ட் 1 இரவு, லாஸ் ஏஞ்சலிஸின் டால்டன் அவென்யூவில் போதைப்பொருள் தேடுவதாகச் சொல்லிச் சுமார் 80 போலீஸார் இரண்டு கட்டடங்களுக்குள் புகுந்தார்கள். கழிப்பறைகளைச் சம்மட்டியால் உடைத்தார்கள். துணிமணி மேல் ப்ளீச்சை ஊற்றினார்கள். போகிறபோக்கில் சுவரில் தங்கள் துறையின் பெயரை எழுதி, இங்கே எங்கள் ராஜ்ஜியம்தான் என்று பெயின்ட் அடித்தார்கள். கிடைத்தது கொஞ்சம் கஞ்சா, கொஞ்சம் கொக்கெய்ன். வீடிழந்தவர்களுக்கு உதவ செஞ்சிலுவைச் சங்கம் வந்தது, புயலுக்கும் வெள்ளத்துக்கும் வருவதுபோல. அந்த வருடம் ஏப்ரலில், ஒரே வார இறுதியில் 1,453 பேரைப் பிடித்திருந்தார்கள். பெரும்பாலோர் மீது வழக்கே போடவில்லை.

இந்த வட்டாரத்திலிருந்துதான் அந்தப் பாட்டு வந்தது. அதன் அமைப்பைக் கவனித்தீர்களா? அது ஒரு நீதிமன்றக் காட்சி. குழுவில் ஒருவரான டாக்டர் ட்ரே நீதிபதி, மற்றவர்கள் சாட்சிகள், கூண்டில் ஒரு போலீஸ்காரர். கடைசியில் குற்றவாளி என்று தீர்ப்பு. நிஜத்தில் கிடைக்காத கோர்ட்டைப் பையன்கள் ஸ்டுடியோவுக்குள் கூட்டினார்கள். அவர்களை உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. பெண்களைப் பற்றி அவர்கள் பாடியதில் பாதி காதில் கேட்கச் சகிக்காது.

அப்புறம் நிஜக் கோர்ட்டும் கூடியது. 1991 மார்ச்சில் ராட்னி கிங் என்ற கறுப்பரை லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸார் தடியால் அடித்ததை ஒருவர் தன் வீட்டு பால்கனியிலிருந்து வீடியோ எடுத்தார். உலகமே பார்த்தது. 1992 ஏப்ரல் 29 அன்று, ஒரு கறுப்பர்கூட இல்லாத ஜூரி, ஒரே ஒரு குற்றச்சாட்டில் மட்டும் முடிவுக்கு வர முடியாமல், நான்கு போலீஸாரையும் மற்ற எல்லாவற்றிலிருந்தும் விடுவித்தது. நகரம் பற்றி எரிந்தது, 60 பேருக்கு மேல் செத்தார்கள். 1993இல் மத்திய நீதிமன்றம் இருவரைத் தண்டித்தது. அந்த விசாரணையில் உங்களுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை.

இப்போது வேறொரு கூத்து. ராப் வரிகளையே பாடகர்களுக்கு எதிரான சாட்சியமாக அரசு வழக்கறிஞர்கள் நீட்டுகிறார்கள். கலிஃபோர்னியா 2022இல் சட்டம் போட்டு அதற்குக் கடிவாளம் பூட்டியது. ஜார்ஜியாவில் யங் தக் என்ற ராப் பாடகரின் வழக்கில் 2023இல் நீதிபதி வரிகளை அனுமதித்தார். துப்பாக்கியைப் பற்றி வெள்ளைக்கார நாட்டுப்புறப் பாடகர் பாடினால் கதை, கறுப்பர் பாடினால் வாக்குமூலமா?

உங்கள் கடிதம் கிளீவ்லாந்தின் ராக் அண்ட் ரோல் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஒரே ஒரு வேண்டுகோள். டால்டன் அவென்யூ வீடுகளைப் பற்றி லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸுக்கு அந்த நாட்களில் நீங்கள் எழுதிய கடிதம் ஏதாவது இருந்தால், அதன் நகலையும் அனுப்பிவையுங்கள். பக்கத்திலேயே மாட்டிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் ராப் ரசிகன்