திரும்பி வந்த பார்சல்

அன்பு பாப்பா,

போன மாதம் உன் அலுவலக முகவரிக்கு அனுப்பிய பார்சல் திரும்பி வந்துவிட்டது. நான்தான் முகவரியை ஏதோ தப்பாக எழுதியிருப்பேன். என் கையெழுத்து உனக்குத் தெரியாததா? அதனால் இந்தக் கடிதத்தை வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன்.

அம்மாவுக்கு இடது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தம்பி வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். மற்றதெல்லாம் அப்புறம் எழுதுகிறேன். முதலில் ஒன்று கேட்க வேண்டும். இன்னமும் விடிகாலை நாலு மணிக்குத்தான் எழுந்திருக்கிறாயா?

நீ அனுப்பிய 'வெற்றியாளர்களின் மனநிலை' பட்டியலைத் தம்பியிடம் சொல்லிப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொண்டு, பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். நாலு மணிக்கு எழுவது, பச்சைத் தண்ணீரில் குளிப்பது, கண்ணாடி முன்னால் நின்று 'நான் ஜெயிப்பேன்' என்று சொல்வது, சந்தேகப்படுகிறவர்களை விட்டு விலகுவது. (கடைசியில் சொன்ன ஆட்களில் நானும் உண்டா என்று நான் கேட்கப்போவதில்லை.) 31 வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத பேரேட்டைக் கண்டால் பென்சில் தானாக நின்றுவிடும். நாலு மணிக்கு எழுந்தும் தொழில் படுத்துப்போனவர்கள் எத்தனை பேர்? அவர்களை யார் மேடைக்குக் கூப்பிட்டுப் பழக்கவழக்கம் கேட்டார்கள்?

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ஆபிரகாம் வால்ட் என்ற கணித அறிஞர் இதைத்தான் விமானங்களில் பார்த்தார். சண்டையிலிருந்து திரும்பிய விமானங்களில் எங்கெங்கே குண்டடி என்று கணக்கு எடுத்திருந்தார்கள். ஓட்டை அதிகம் உள்ள இடத்தில் தகடு அடித்துப் பலப்படுத்தலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வால்ட் ஓட்டை இல்லாத இடத்தைப் பார்த்தார். இன்ஜினில் அடிபட்டவை திரும்பி வந்தால்தானே கணக்கில் ஏறும்? உன் பட்டியல் முழுக்கத் திரும்பி வந்த விமானங்கள்தான், பாப்பா.

10,000 மணி நேரம் பயிற்சி செய்தால் எதிலும் தேறிவிடலாம் என்று போனில் அடிக்கடி சொல்வாயே, அதையும் தேடிப் படித்தேன். ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்துச் செய்து 1993இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த எண் அது. மிகச் சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் தனியாகப் பயிற்சி செய்த நேரத்தின் சராசரி. சராசரி என்றால் அதற்குக் கீழேயும் ஆட்கள் இருந்தார்கள். அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. நன்றாக வாசித்தவர்கள் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 8.6 மணி நேரம் தூங்கினார்கள். ஆசிரியர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த மற்ற பிரிவினர் தூங்கியது 7.8. ஆகவே தூங்கு. பன்னிரண்டு மணிக்கு மேல் தம்பிக்குச் செய்தி அனுப்பிவிட்டு நாலு மணிக்கு எழுந்தால் என்ன கணக்கு அது?

மூன்று மாதமாக நீ போன் பேசுவது இரண்டே நிமிஷம். நீ வைத்த பிறகும் அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். வேலை எப்படி என்றால் 'பாசிட்டிவாக இருக்கிறேன்ப்பா' என்கிறாய். நான் கேட்டது அதுவா? சரி, விடு. சொந்தமாக ஆரம்பிக்கிறேன் என்று நீ சொன்னபோது வேண்டாம் என்று சண்டை போட்டவன் நான்தான். எட்டுப் பேருக்கு மாதம் தவறாமல் சம்பளம் கொடுத்தாய். நான் ஒருத்தனுக்கும் கொடுத்ததில்லை. அதை இங்கே வருகிற எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், உன்னிடம் மட்டும் சொன்னதில்லை.

சொன்னதெல்லாம் 'என் பொண்ணுக்கு மூளை ஜாஸ்தி' என்பதுதான். அது பாராட்டு என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். கிளாடியா முல்லர், கரோல் ட்வெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் 'நீ கெட்டிக்காரப் பிள்ளை' என்றார்கள், சிலரிடம் 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்து எதை எடுத்துச் செய்கிறாய் என்று கேட்டபோது கெட்டிக்காரர்களில் பெரும்பாலோர் தங்களுக்குச் சுலபமாக வருவதைக் கேட்டார்கள். கடினமான புதிரில் அடிவாங்கிய பிறகு அவர்கள் செய்தது முன்னைவிட மோசமாகப் போனது. கடைசியில், முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்கு உன் மதிப்பெண்ணை எழுது என்று தாள் கொடுத்தபோது, கெட்டிக்காரர்களில் பத்துக்கு ஏறக்குறைய நாலு பேர் கூட்டி எழுதினார்கள்.

முகம் தெரியாத பிள்ளைக்கே அப்படி. அப்பாவுக்கு என்றால்? ஆறாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு, நான் மாடியில் போய் உட்கார்ந்தது, எதுவும் உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை.

கேட்டலின் கரிகோ என்ற அம்மாவைப் பற்றிப் படித்தாயா? கொரோனா தடுப்பூசிக்கு அடிப்படையான எம்ஆர்என்ஏ என்ற மூலக்கூறை நம்பி ஆராய்ச்சி செய்தவர். பணம் கிடைக்கவில்லை, 1995இல் பல்கலைக்கழகத்தில் பதவியைக் குறைத்தார்கள். குறைந்த பதவியிலேயே வேலையைத் தொடர்ந்தார். ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து முக்கியமான கட்டுரையை வெளியிட்டது 2005இல், நோபல் பரிசு 2023இல். 28 வருஷம். எனக்கு அதில் பரிசு பெரிதாகப் படவில்லை. பதவி குறைந்ததை அவரே வெளிப்படையாகப் பேசுகிறார். நம் வீட்டில் அப்படி ஒன்று நடந்திருந்தால் யாருக்கும் தெரியாமல் மூடி வைத்திருப்பேன்.

மூடித்தான் வைத்திருக்கிறேன், பாப்பா.

உன் படிப்பு கெட்டுவிடக் கூடாது என்று பதவி உயர்வை விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லிச் சொல்லி உன்னை வளர்த்தேன். நீ எதிர்த்துப் பேசும்போதெல்லாம் அதை எடுத்து வீசியிருக்கிறேன். அது பொய். நான் இலாகா தேர்வு எழுதினேன். மூன்று தடவை. மூன்று தடவையும் விதிமுறைத் தாளில் போய்விட்டது. அம்மாவிடம் வெளியூர் ஆடிட் என்று சொல்லிவிட்டுப் போய் எழுதினேன். அவளுக்கே போன வாரம்தான் சொன்னேன். கண்ணில் கட்டோடு சிரித்தாள், 'எப்பவோ தெரியும்' என்றாள்.

தோற்றதைவிட இன்னொன்றுதான் இப்போது உறுத்துகிறது. ஒவ்வொரு தடவையும் நான் கணக்குத் தாளைத்தான் படித்தேன். அதுதான் எனக்கு வரும். அதைப் படித்தால் நானும் ஒரு ஆள் என்று இருக்கும். விதிமுறைப் புத்தகத்தைத் திறந்தால் நெஞ்சு அடைக்கும், மூடிவிடுவேன். எந்தக் கேள்வியில் போனது என்று ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்க்கவில்லை. எரிக்சன் சொன்ன பயிற்சி என்பது வராத இடத்தில் போய் நிற்பது. நான் வருகிற இடத்திலேயே நின்றேன். கண்ணாடி முன்னால் நின்று 'ஜெயிப்பேன்' என்று சொல்வதும் கணக்குத் தாள்தானோ என்று எனக்கு ஒரு பயம்.

மனநிலையை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். திறமை வளரக்கூடியது என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பின்தங்கிய பிள்ளைகளுக்குச் சராசரித் தரப்புள்ளி 0.1 கூடியது. சின்ன எண்தான். கூடப் படிக்கிறவர்கள் கஷ்டமானதை முயன்று பார்ப்பதை மதிக்கும் பள்ளிகளில்தான் அதுவும் நன்றாகத் தெரிந்தது. அந்த வரியின் பக்கத்தில் 'வீடு' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். நம் வீட்டில் முதல் ரேங்குக்கு மட்டும்தான் இடம் இருந்தது.

அந்த மூன்று ரிசல்ட் தாள்களும் என் பீரோவில் இருக்கின்றன. நீ வரும்போது காட்டுகிறேன். பதிலுக்கு நீ எதையும் காட்ட வேண்டாம். சும்மா வா.

பார்சலில் இருந்தது இரண்டு தலையணை உறைகள். ஆபரேஷனுக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும் என்று அம்மா அவசரமாகத் தைத்தது, ஒன்றில் தையல் கொஞ்சம் கோணல். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் எழுது.

அப்பா