போர்க்காலக் கூட்டாட்சியும் எழுதி வைக்காத அதிகாரமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போர் மூண்டால் எல்லாக் கட்சிகளும் சேர்ந்து ஆட்சி அமைக்க வேண்டும் என்ற கருத்து தங்கள் நாளிதழின் வாசகர் கடிதங்களில் அண்மையில் வலியுறுத்தப்பட்டிருந்தது. எனக்கும் அதில் உடன்பாடே. ஆனால் சேர்ந்தபின் அதிகாரம் யார் கையில் என்பதை முன்கூட்டியே தீர்க்காத கூட்டு நிலைக்காது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940 மே மாதம், நார்வேயில் ஜெர்மனியிடம் கண்ட தோல்வி பற்றிப் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் நடந்த விவாதத்தின் முடிவில், பிரதமர் சேம்பர்லின் அரசின் பெரும்பான்மை 81 ஆகச் சுருங்கியது. அவர் தலைமையை ஏற்கத் தொழிற்கட்சி மறுக்கவே, சர்ச்சில் பிரதமரானார். தனித்தே ஆளும் பலம் இருந்தும் கன்சர்வேட்டிவ் கட்சி, ஐவர் கொண்ட போர் அமைச்சரவையில் தொழிற்கட்சியின் அட்லிக்கும் கிரீன்வுட்டுக்கும் இடமளித்தது; ஆலைகளுக்கு ஆள் திரட்டும் பொறுப்பு தொழிற்சங்கத் தலைவரான எர்னஸ்ட் பெவினிடம் வந்தது. கேள்வி கேட்பவர்களின் வாயும் அடைக்கப்படவில்லை. வட ஆப்பிரிக்காவில் பிரிட்டன் வசமிருந்த தோப்ருக் கோட்டை நகரம் வீழ்ந்தபின், 1942 ஜூலையில் வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 475-க்கு 25 என்று தோற்றாலும், போர் நடத்தப்பட்ட விதம் அவையில் வெளிப்படையாக அலசப்பட்டது.

இதற்கு நேர்மாறானதை எங்கள் கடலுக்கு அக்கரையில் கண்டோம். இலங்கையில் 2001 டிசம்பர் தேர்தலுக்குப் பின் அதிபர் சந்திரிகா ஒரு கட்சி, பிரதமர் ரணில் இன்னொரு கட்சி. 2002 பிப்ரவரியில் விடுதலைப் புலிகளுடனான போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் பிரதமர். முப்படைகளின் தலைமையோ அதிபரிடம். 2003 நவம்பரில் ரணில் அமெரிக்காவில் இருந்தபோது, பாதுகாப்பு, உள்துறை, ஊடகம் ஆகிய மூன்று அமைச்சகங்களை அதிபர் தம்வசம் எடுத்துக்கொண்டார். மறு பிப்ரவரியில் நாடாளுமன்றமும் கலைக்கப்பட்டது.

மண்டபத்திலுள்ள இலங்கை அகதிகள் முகாமில் எனக்குப் பழக்கமான முதியவர் ஒருவர், மன்னாருக்குத் திரும்பிவிடலாம் என்று பாத்திரங்களையும் பேரப்பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களையும் தகரப் பெட்டியில் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். அந்த நவம்பர்ச் செய்தியை டீக்கடையில் என்னை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். மறுநாள் நான் போனபோது பெட்டி அவிழ்க்கப்பட்டு, பாத்திரங்கள் மறுபடி அடுப்படிக்கு வந்திருந்தன. அந்த மௌனத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

ஆகவே, எந்த நாட்டிலும் போர்க்காலத்தில் கட்சிகள் கூடும்போது, படை யார் பொறுப்பில், பேச்சுவார்த்தை யார் பொறுப்பில், கூட்டு எப்போது கலையும் என்ற மூன்றையும் எழுத்தில் வைத்து, பதவியேற்கும் முன்பே மக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.