அடுத்த சுவடுக்கு எப்போது விடுவது?

தக்கலை,
ஆவணி முதல் வாரம்

அன்புள்ள மக்கா,

அம்மாவுக்கு முட்டுவலி குறைந்து நடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லாரும் சுகம். நீ நட்டுவிட்டுப் போன செங்கவருக்கை மா இந்த வருடம்தான் முதன்முதலாகக் காய்த்தது.

சரி, ஒரு பாடத்தில் தேறிய பிறகே அடுத்ததற்கு விடும் முறை என் வகுப்பில் எப்படிப் போனது என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். போன செமஸ்டரில் முதலாமாண்டுக்குத் தொகைநுண்கணிதம் (இன்டெக்ரல் கால்குலஸ்) எடுத்தேன். நம் வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு யூனிட் முடியும், தேர்வு வைப்போம், 50-க்கு 20 எடுத்தவனுக்கு 20 என்று போட்டுக் கொடுத்துவிட்டு மறுநாளே அடுத்த யூனிட். அவனுக்குத் தெரியாமல் போன அந்த 30-ஐப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதன் மேலேயே அடுத்த பாடத்தைக் கட்டுகிறோம். நானும் 22 வருடமாக இதையே செய்திருக்கிறேன். நினைத்தால் வலிக்கிறது.

உன் மாமாவின் களரி ஞாபகம் இருக்கிறதா? ஒற்றைச் சுவடு என்ற காலடி வரிசை காலில் உட்காராமல் அடுத்ததற்கு விடமாட்டார். நீ பதினைந்து நாளில் முடித்தாய், எனக்கு இரண்டு மாதம் ஆனது. "இன்னும் வரல்ல மக்களே, ஒருக்கா கூடப் போடு" என்பார், அவ்வளவுதான். கடைசியில் உன் காலில் இருந்த அதே சுவடு என் காலிலும் இருந்தது. தாமதமானதற்காக என் சுவடு பாதிச் சுவடாகிவிடவில்லை.

கல்லூரிப் பாடத்தையே இப்படி நடத்தியவர் ஃப்ரெட் கெல்லர் என்ற அமெரிக்க உளவியலாளர். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தாருக்கு மோர்ஸ் தந்திக்குறி கற்றுக்கொடுத்த அனுபவம் அவருக்கு உண்டு. குறியைக் கேட்டு எழுதியதும் சரியான விடை உடனே சொல்லப்படும். அப்புறம் 1964-இல் பிரேசிலியா பல்கலைக்கழகத்தில் ஷெர்மன், அசி, கரோலினா போரி என்ற மூவரோடு சேர்ந்து இந்த முறையில் ஒரு பாடத்தை வடிவமைத்தார். பிறகு அரிசோனாவில் நடத்தி, 1968-இல் அதைப் பற்றி எழுதினார். பாடத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்வது, ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்தில் வழிகாட்டி, அவரவர் வேகம், ஒரு துண்டில் தேறினால்தான் அடுத்தது, தேறாவிட்டால் தண்டனையில்லாமல் மறுதேர்வு. தேர்வைத் திருத்த ஏற்கெனவே அந்தப் பாடத்தை முடித்த மாணவர்கள். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை மாதிரி.

1979-இல் குலிக் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் இது பற்றிய 75 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இறுதித் தேர்வில் இந்த முறையில் படித்தவர்கள் மேலே நின்றார்கள், மாணவர்களுக்கிடையே இருந்த ஏற்றத்தாழ்வும் குறைந்திருந்தது. படிப்பை நடுவில் விட்டுப் போகிறவர்கள் அதனால் கூடவும் இல்லை.

நான் எங்கள் ஐந்து யூனிட்டைப் பதினான்கு துண்டாக்கினேன். மாலை மூன்றரைக்குப் பிறகு தேர்வு, ஐந்து கணக்கு, நான்கு சரியானால் அடுத்த துண்டு. மூன்றாமாண்டுப் பிள்ளைகள் ஆறு பேர் சட்டாம்பிள்ளைகளாக வந்தார்கள்.

ஒருநாள் பகுதிப் பின்னத் துண்டில், அதாவது ஒரு பின்னத்தைச் சிறு பின்னங்களாகப் பிரிக்கும் பாடத்தில், ஒரு பெண் மூன்றாம் முறையாகத் தவறினாள். நானாக இருந்தால் சூத்திரத்தை இன்னொரு தடவை போட்டுக் காட்டியிருப்பேன். சட்டாம்பிள்ளைப் பையன் அவள் தாளை நிதானமாகப் பார்த்தான். 1/(எக்ஸ் + 2) என்பதை அவள் 1/எக்ஸ் + 1/2 என்று பிரித்திருந்தாள். "எக்ஸுக்கு 3 போட்டுப் பாரு" என்றான். ஒரு பக்கம் 1/5, அதாவது 0.2. மறுபக்கம் 0.83 வந்தது. அவள் அப்படியே தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பிலிருந்து அந்தப் பிழை அவள்கூடவே வந்திருக்கிறது மக்கா. எத்தனை ஆசிரியர்கள் அதற்குச் சிவப்பு மையில் சுழி போட்டோம்! உட்கார்ந்து கேட்டவர் ஒருவர்கூட இல்லை. நான்காம் முறை ஐந்துக்கு ஐந்து எடுத்தாள்.

என் மனசு நின்றது இங்கேதான். அவரவர் வேகம் என்பதை எல்லாரும் பெரிதாகப் பேசுகிறார்கள். என் வகுப்பில் வேலை செய்தது, தவறிய உடனே பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எங்கே தவறியது என்று தேடிய அந்தப் பத்து நிமிடம்.

வேகத்தை முழுக்க அவர்கள் கையில் விட்டதில் அடிபட்டேன். குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு பையன் வருகிறான். விடியுமுன் அப்பாவோடு ரப்பர் பால்வெட்டு, அப்புறம் கல்லூரி. அவனுக்கு இந்த முறை பெரிய உதவி. பிந்திப் பிந்தி எழுதினாலும் பதினான்கையும் முடித்தான். ஆனால் வீட்டில் எந்தக் கஷ்டமும் இல்லாத சிலர் பிப்ரவரி வரை இரண்டாம் துண்டிலேயே கிடந்தார்கள். யாருக்கு அதிக நேரம் வேண்டுமோ அவர்களில் பலர்தான் தள்ளிப்போட்டார்கள். மார்ச்சில் ஒருவன் ஆறாம் துண்டில் நின்றபோது, அவனுக்குக் கொடுக்க என்னிடம் நாளே இல்லை. கல்லூரியில் நாங்கள் போடும் இன்டர்னல் மதிப்பெண் 25-ஐக் குறித்த தேதியில் அனுப்பியாக வேண்டும். பல்கலைக்கழகம் வைக்கும் எக்ஸ்டர்னல் தேர்வு 75-உம் யாருக்காகவும் நிற்காது. அவனை நான் ஜனவரியிலேயே கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும். இது என் தவறு.

அதனால் வருகிற செமஸ்டரில் வாரத்துக்கு ஒரு துண்டாவது என்று கீழ்வரம்பு வைக்கப்போகிறேன். முந்துகிறவர்கள் முந்தட்டும். பிந்துகிறவர்களை நான் போய்ப் பார்ப்பேன்.

இன்னொரு இடர், வினாத்தாள். மறுதேர்வுக்கு அதே கணக்கைக் கொடுக்க முடியாது. துண்டுக்கு நான்கு தாள் என்றாலும் 56 தாள் வேண்டும். நான் ஒற்றை ஆளாக நாற்பதுதான் தயாரித்தேன். பிப்ரவரியிலேயே விடைகள் விடுதியில் சுற்ற ஆரம்பித்துவிட்டன.

உன்னிடம் பழைய கணக்குக் கட்டு ஒன்று உண்டே, நூல் போட்டுக் கட்டி வைத்திருப்பாயே, அது இன்னும் இருக்கிறதா? ஓணத்துக்கு ஊருக்கு வரும்போது எடுத்து வா. இரண்டு நாள் உட்கார்ந்தால் மிச்சம் பதினாறையும் முடித்துவிடலாம். மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் வைத்துத் தருவதாக வீட்டில் இப்போதே சொல்லிவிட்டாள்.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்